பதில் வந்த வாய்க்கால்

குரல் கொடுத்தேன், பதில் வந்தது, படகை நிறுத்திவிட்டேன். ஒத்தைப்படகு வாய்க்காலின் வாயில் அதுதான் முறை. உள்ளே இரண்டு கரையிலும் சுரபுன்னை வேர்கள் கால் பரப்பிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நிற்கின்றன. ஒரு படகு போனாலே விளிம்பு உரசும். எதிரே இன்னொன்று வந்துவிட்டால் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தள்ளினாலும் இரண்டும் நகராது. உள்ளே அது வளைந்து வளைந்து போவதால் எதிரே யார் வருகிறார்கள் என்று கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் பார்க்க வேண்டும். அதனால் வாயில் நின்று ஒரு குரல் கொடுப்போம். உள்ளே ஆள் இருந்தால் அவன் ஒரு குரல் கொடுப்பான். பதில் வராவிட்டால் போகலாம், வந்துவிட்டால் நிற்கணும். பதில் கொடுத்தவன் வெளியே வந்தே ஆகணும், பின்வாங்கக் கூடாது, ஏனென்றால் அவனை நம்பி இங்கே ஒருத்தன் நிற்கிறான், அவன் படகில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், கீழே தண்ணீர் வத்திக்கொண்டிருக்கிறது. அவன் வெளியே வந்ததும் நான் கை நீட்டி அவன் படகு விளிம்பைப் பிடிப்பேன், அவன் என் விளிம்பைப் பிடிப்பான், கைக்குமேல் கை மாற்றி இழுத்து இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தாண்டிவிடுவோம். எங்கள் துறையில் முப்பத்திரண்டு படகு, முப்பத்திரண்டு பேருக்கும் இது தெரியும். எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைத்திருந்தாலும் எனக்கு என்ன, வைரக்கண்ணு என்று என் பெயரைப் போடுவதற்கு மேல் ஒரு எழுத்தும் தெரியாது. காது தெரியும். இந்தக் காட்டில் முப்பது வருடமாகச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் அது காதால் போனதுதான். தண்ணீர் ஏறும்போது வேருக்குள் ஒரு சத்தம், வத்தும்போது வேறு சத்தம், நண்டு வளைக்குள் காற்று போகும்போது வாய்க்குள் நாக்கைச் சப்புகிற மாதிரி ஒரு சத்தம். இப்போது வத்துகிற சத்தம்தான். சப்பு, சப்பு என்று. இவ்வளவு நேரத்தில் அவன் வந்திருக்கணும்.

படகில் இரண்டே பேர், கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்த புருசனும் பெண்டாட்டியும். அவர் கழுத்தில் கேமரா, ஏறினதிலிருந்து கொக்கையும் மீன்கொத்தியையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தம்மா மடியில் கடலை மிட்டாய்ப் பொட்டலம், ஏறினதும் எனக்கும் ஒன்று கொடுத்தது, நான் பல் இல்லை என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நான் நிறுத்தினதும் அந்தம்மா வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்ண்ணா, இந்தக் காட்டுக்குள்ளயும் சிக்னல் போட்டிருக்கறாங்களாட்ட இருக்குதுங்க" என்றது. அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்தே சிரித்தார். நானும் சிரித்தேன், பச்சை விழுந்ததும் போயிடலாம்மா என்றேன், இப்போது ஒரு படகு வெளியே வரும், பாருங்கள், நாங்கள் எப்படி ஒருத்தரை ஒருத்தர் தாண்டுகிறோம் என்று, அதுவும் ஒரு வேடிக்கைதான் என்றேன். சொல்லிவிட்டு, படகு வரவில்லையே, சும்மா இருக்க முடியுமா, வாய் தன்பாட்டுக்குக் கதையை எடுத்துவிட்டது, அதோ சேற்றில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறதே, அது எல்லாம் வேர்தான், மண்ணுக்கு அடியில் காற்று இல்லாததால் மேலே வந்து மூச்சு விடுகிறது, இந்த இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும், மரம் குடித்த உப்பை இலை வழியாகத் துப்பிவிடுகிறது. அந்தம்மா ஒரு இலையைப் பறித்து நக்கிப் பார்த்துவிட்டுப் புருசன் வாயிலும் வைத்தது. வாய் பேசுகிறது. முப்பது வருடமாகப் பேசினதால் அதற்கு நான் தேவையில்லை. நான் அந்தப் பதில் குரலிலேயே நிற்கிறேன். ஏனென்றால் அது உத்திராபதியின் குரல்.

ஒவ்வொருத்தனுக்கும் ஒரு குரல் உண்டு. பக்கிரிசாமி கொடுத்தால் மாடு கூப்பிடுகிற மாதிரி நீண்டுகொண்டே போகும். என் குரல் மேலே போய்ப் பிசிறும். உத்திராபதி குரலை மேலே ஏற்றிவிட்டு முடிக்கிற இடத்தில் விழுங்கிவிடுவான், ஏதோ சொல்ல வந்து வேண்டாம் என்று விட்ட மாதிரி. என் மச்சான் அவன், என் வீட்டுக்காரி நாகரத்தினத்துக்கு அண்ணன். ஆனால் அவன்தான் இங்கே இல்லையே. அவன் காரைக்காலில் மகன் வீட்டுக்குப் போய் மூன்று வருடம் முடியப்போகிறது. போனவன் ஒரு பொங்கலுக்கு வரவில்லை, ஒரு திருவிழாவுக்கு வரவில்லை. அப்படியிருக்க அந்த விழுங்கின குரல் எங்கேயிருந்து வந்தது. நாலு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு இன்றைக்குத்தான் எழுந்து வந்தேன், நாலு நாளும் கதவைத் திறந்து என்னவென்று கேட்க ஆளில்லை, கடைப் பையன் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போனான், யாரோடும் பேசாத காது, அதுவே பேசிக்கொண்டதோ என்னவோ. போன மாசிமகத்தின்போதும் இப்படித்தான் ஆனது. இதே வாயில் நின்றேன், பதில் வந்தது என்று நின்றேன், எனக்குப் பின்னால் ஆறு படகு வந்து அடைத்துக்கொண்டது, கடைசியில் உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. கரைக்கு வந்ததும் பசங்கள் எல்லாம், பெரியப்பாவுக்கு மரம் பதில் சொல்லுதாம், மீன் பதில் சொல்லுதாம் என்று ஒரு வாரம் சிரித்தார்கள். பக்கிரிசாமி சிரிக்கவில்லை. அவன்தான் இப்போது எங்கள் படகுக்காரர் சங்கத்துக்குத் தலைவன், என் சின்ன வயதுக் கூட்டாளியின் மகன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, சித்தப்பா, காதும் கண்ணும் சரியாக இருக்கிற வரைக்கும்தான் சனங்களை உங்களிடம் ஒப்படைக்க முடியும், இன்னொரு தடவை இப்படி ஆனால் கரையிலேயே இருந்து வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுங்கள் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். மரியாதையாகச் சொன்னதால் ராத்திரி தூங்க முடியவில்லை. கரையில் உட்கார்ந்தால் நான் யாரிடம் பேசுவேன். வீட்டில் பேச்சு இல்லை, படகில்தான் பேச்சு. எந்த ஊர்க்காரர்களோ, ஒன்றரை மணி நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அண்ணா என்கிறார்கள், ஐயா என்கிறார்கள், குழந்தைகள் தாத்தா என்கின்றன. அதுவும் போனால்.

அப்படியென்றால் இப்போது இரண்டில் ஒன்று. அந்தக் குரல் இல்லை என்றால் என் காது போய்விட்டது, இன்றோடு படகு போச்சு. அந்தக் குரல் உண்மை என்றால் உத்திராபதி ஊருக்கு வந்திருக்கிறான், வந்து படகும் விடுகிறான், எனக்கு ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. எது தேவலை என்று பார்க்கிறேன். இதைத் தொட்டால் அது வலிக்கிறது, அதைத் தொட்டால் இது வலிக்கிறது. அந்தம்மாவிடம் கேட்கலாம், அம்மா, உங்களுக்கு ஒரு குரல் கேட்டதா என்று. கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு இவர்களுக்குப் படகு விடுவது. அந்த நேரத்தில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது, தாள் சரசரத்தது, கேட்டிருக்காது. வேண்டாம். கேட்காமல் இருக்கிற வரைக்கும் இரண்டும் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாளும் இதே வாயில்தான் நின்றேன். ஐப்பசி மாதம், மழை விட்டு வெயில் அடித்த நாள், ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஆறு பேர் என் படகில். காலையில் நாகரத்தினம் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னடி என்றேன். வாயுதான், நேற்றுப் பருப்பு அதிகம், நீ போய்ட்டு வா என்றாள். போய்விட்டேன். அது தப்பா. அவளே போகச் சொன்னாள். இங்கே வந்து குரல் கொடுத்தேன், உத்திராபதி பதில் கொடுத்தான், நின்றேன். அவன் படகில் காலேஜ் பிள்ளைகள், உள்ளே ஏதோ நாரைக் கூட்டத்தைக் கண்டுவிட்டுப் படம் எடுக்கணும், நிறுத்துங்க நிறுத்துங்க என்று அவனை நகர விடவில்லை. முக்கால் மணி நேரம். முக்கால் மணி நேரம் கழித்து அவன் வெளியே வந்தான், விளிம்பைப் பிடித்தான், விளிம்பைப் பிடித்தேன், என்ன மாப்ள கோவமா என்றான், போடா என்றேன், தாண்டினோம். சுற்றி முடித்துக் கரைக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டு நிற்கிறாள், ரத்தினத்தை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய் அரைமணி ஆயிற்றாம், உன்னைத்தான் கேட்டாள், உன்னைத்தான் கேட்டாள் என்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். அரைமணி. முக்கால் மணியில் அரைமணியைக் கழித்தால் கால்மணி மிச்சம் இருக்கிறது, அந்தக் கால்மணியை மூன்று வருடமாகக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். கருமாதியன்று பந்தியில் எல்லாச் சனமும் உட்கார்ந்திருக்க, அவனுக்கு நேரே போய் நின்று, "நீ ஒழுங்கா வெளிய வந்திருந்தா நான் அவ மொகத்தப் பாத்திருப்பேன்" என்று சொன்னேன். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அவன் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனான். அவன் தங்கச்சியின் கருமாதியில் அவன் சாப்பிடவில்லை. அந்த வாரமே காரைக்கால்.

சொன்னது பொய்யா என்றால் பொய் இல்லை. ஆனால் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதுதான் முள்ளு மாதிரி ஒரே இடத்தில் வந்து மாட்டுகிறது. அந்த முக்கால் மணி நேரமும் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன். அவசரப்பட்டேனா, அவன் வரட்டும் என்று தவித்தேனா. இல்லை. டீச்சர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு அதிகாரி இந்தச் சேற்றில் செருப்போடு இறங்கிச் செருப்பை விட்டுவிட்டு ஏறின கதை. ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், ஒரு டீச்சர், அய்யா போதும், வயிறு வலிக்குது என்றாள். நானும் சிரித்தேன். உத்திராபதி இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்தால்கூடத் தேவலை என்றுதான் இருந்தது எனக்கு. ஆற்று வழியாகத் திரும்பிப் போயிருக்கலாம், சுற்றுதான், ஆனாலும் போயிருக்கலாம். அவள் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் நினைவிலேயே இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பந்தியில் சொல்லியிருக்கணும். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவனைச் சொன்னேன்.

"ஏனுங்ண்ணா, தண்ணி கொறையறாட்ட இருக்குதுங்களே" என்று அந்தம்மா சொல்கிறது. குறைகிறதுதான். நாங்கள் வந்தபோது நனைந்திருந்த வேர் இப்போது ஒரு சாண் காய்ந்துவிட்டது, சிப்பி ஒட்டின இடம் எல்லாம் வெளியே தெரிகிறது, சின்ன மீன்கள் சேற்றில் தாவித் தாவிப் போகின்றன. இன்னும் கால்மணி நின்றால் உள்ளே நடு மேடு தட்டிவிடும், அப்புறம் சாயங்காலம் ஏத்தம் வந்து தண்ணீர் ஏறுகிற வரைக்கும் இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது. கால்மணி. மறுபடியும் ஒரு குரல் கொடுக்கலாம். கொடுத்து, பதில் வராவிட்டால். கொடுக்காமலே இருந்தால். கழியை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன். கேமராக்காரர் இப்போது காட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்க்கிறார். சரி என்று குரல் கொடுத்தேன். மேலே போய்ப் பிசிறினது. ஒரு கொக்கு எழுந்து போனது. வேர் சப்பியது. அவ்வளவுதான். இன்னொரு தடவை வேண்டாம். போயிடலாம்மா, ஆள் யாரும் இல்லை என்று சொல்லிக் கழியைத் தள்ளினேன். தள்ளும்போது நெஞ்சு லேசாகத்தான் இருந்தது, எல்லாம் முடிந்ததும் வருமே, அந்த லேசு. ஜாக்கெட் மாட்டிவிடுகிற வேலை ஒன்றும் மோசம் இல்லை, நிழல் இருக்கிறது.

முதல் வளைவு தாண்டி இருபது பாகம் தூரம் போயிருப்போம். கரைச் சேற்றில் கழி ஊன்றின குழி. ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று, விளிம்பு கலையாமல், இப்போதுதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கிறது. நான் தள்ளுவதை நிறுத்திவிட்டேன். கழி ஊன்றித் தள்ளினால் படகு போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் ஒதுங்கும், இது படகுக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே இரண்டு வரிசைக் குழி இருக்கிறது. ஒரு வரிசையில் மண் உள்பக்கம் ஒதுங்கியிருக்கிறது, அது வெளியே வந்துகொண்டிருந்தவன் ஊன்றினது. இன்னொரு வரிசையில் மண் எங்கள் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, அது திரும்பக்கூட இடமில்லாமல் பின்பக்கமாகவே போனவன் ஊன்றினது. இரண்டு வரிசையும் சேருகிற இடத்தில் ஒரே ஒரு குழி, பெரிய குழி, வாய் அகன்றுபோய். ஊன்றின கழியைப் பிடுங்காமல் ஒருத்தன் வெகுநேரம் நின்றிருக்கிறான், நிற்கிறவன் கை இப்படியும் அப்படியும் ஆடியதில் குழி அகன்றிருக்கிறது. "நானுங்கூட ஒரு கொரலு கேட்டனுங்ண்ணா, நீங்க கூப்புட்டதுக்கு உள்ளயிருந்து ஓஓன்னு. அந்தாளு எங்க போனாருங்க" என்கிறது அந்தம்மா. அப்படியா அம்மா, கேட்டீர்களா, நிஜமாகவா என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது. கேட்டனுங்க, முடிக்கறப்ப முழுங்கிட்டாருங்க என்றது.

காது போகவில்லை. அந்த ஒரு நொடி எனக்கு எழுந்து நின்று கூத்தாட வேண்டும் போல இருந்தது. அப்புறம் அந்தப் பெரிய குழியைப் பார்த்தேன். நான் அங்கே வாயில் நின்ற நேரம் எல்லாம் அவன் இங்கே நின்றிருக்கிறான். நடுவில் ஒரு வளைவுதான். கேட்டதும் பழக்கத்தில் பதில் கொடுத்துவிட்டான், கொடுத்த பிறகுதான் யார் குரல் என்று உறைத்திருக்கும். இந்தத் தடவை நான் சொன்னது செருப்புக் கதை இல்லை, உப்பு இலைக் கதை, அதை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருப்பான். வெளியே வந்தால் விளிம்பைப் பிடிக்கணும். கைக்குமேல் கை. முகத்துக்கு முகம் இரண்டு முழம்கூட இருக்காது. அதற்கு முடியாமல், அறுபத்தாறு வயது ஆள், வத்துகிற தண்ணீரில், இந்த வாய்க்கால் முழுக்கப் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். வேரில் படகு இடித்த இடம் எல்லாம் பட்டை உரிந்திருக்கிறது. ஒரு இடத்தில் காலை ஊன்றித் தள்ளியிருக்கிறான், சேற்றில் பாதம், விரல் ஐந்தும் தெரிகிறது. மீதி வழி பூரா அந்த உரிந்த பட்டையைப் பார்த்துக்கொண்டே தள்ளினேன்.  கதை எதுவும் சொல்லவில்லை. மேடு இரண்டு இடத்தில் அடியில் உரசியது, தப்பித்தோம்.

கரைக்கு வரும்போது படகுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நிற்கிறார்கள், இவ்வளவு நேரம் ஆனால் கூடத்தான் செய்வார்கள். மூன்றாவது கம்பத்தில் ஒரு பச்சைப் படகு, அதற்குள் ஒருத்தன் முதுகைக் காட்டிக் குனிந்து, வெட்டின தகர டப்பாவால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறான். இடது தோள் இறங்கின முதுகு. இளைத்துவிட்டான். சளக், சளக் என்று இறைக்கிற சத்தம். பக்கிரிசாமி என் படகுக் கயிற்றை வாங்கிக் கட்டினான். ஏன் சித்தப்பா இவ்வளவு நேரம் என்று கேட்டான், வாயில் நின்றேன் என்றேன். யார் பதில் கொடுத்தது என்றான். நான் குனிந்து கழியில் ஒட்டின சேற்றை வழித்தேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, உத்திராபதி மாமா வந்து மூன்று நாள் ஆகிறது, மறுபடி படகு விடணும் என்று கேட்டது, புதிதாகச் சேருகிறவர்கள் மாதிரி ஒரு வாரம் சனம் ஏற்றாமல் வெறும் படகு விடட்டும் என்று விட்டிருக்கிறோம், உங்களிடம் எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை என்றான். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நிமிர்ந்து நின்று கேட்டான். "உங்களுக்கு முன்னாடி அந்த வாய்க்காலுக்குள்ள போனது ஒரே படகுதான். பதில் குடுத்துட்டு யாராச்சும் பின்வாங்குனாங்களா? சனங்கள வச்சுக்கிட்டு நிக்கிறவன ஏமாத்துறவனுக்கு இங்க எடம் கெடையாது. சொல்லுங்க சித்தப்பா."

எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். பந்தியிலும் இப்படித்தான் பார்த்தார்கள். அங்கே சேற்றில் குழி இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றால் போதும், ஏத்தம் வந்து மூடுவதற்குள் பார்த்துவிடலாம். இந்த அம்மாவே சொல்லும். அந்தம்மா ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டே வாயைத் திறந்தது, என் முகத்தைப் பார்த்தது, ஏனுங்க, அந்தப் பையை எடுத்துக்கங்க என்று புருசனிடம் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டது.

"யாரும் பதில் குடுக்கலப்பா. எனக்குத்தான் கேட்ட மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு மாதிரியேதான்" என்றேன். "அன்னிக்கின்னா எப்ப?" என்று எவனோ கேட்டான். மாசிமகத்தன்று என்று சொல்ல வந்தேன். "ரத்தினம் போன அன்னிக்கும்தான். அன்னிக்கும் தப்பு எம்மேலதான்" என்று வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. பக்கிரிசாமி கை நீட்டினான், நான் கழியைக் கொடுத்தேன், முப்பது வருடமாக என் உள்ளங்கை தேய்த்த இடத்தை அவன் பிடித்துக்கொண்டான். நாளைக்குக் கொஞ்சம் மெதுவாக வாங்க சித்தப்பா, ஒன்பது மணிக்கு வந்தால் போதும் என்றான். கூட்டம் கலைந்தது. மூன்றாவது கம்பத்துப் பக்கம் தண்ணீர் இறைக்கிற சத்தம் நின்றிருக்கிறது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மறுபடி இறைக்கத் தொடங்குகிறானா, இல்லை எழுந்து வருகிறானா, எதுவோ ஒன்று காதில் விழுகிற வரைக்கும் இப்படியே நிற்கலாம் என்று நிற்கிறேன்.